சரசாவின் பதினோரு அட்டைப்படங்கள்

சரசாவைக் குடிகாரன் பெண்டாட்டி என்றுதான் எங்கள் கள்ளிக்குப்பம் தெருவில் நாற்பது வருஷமாகச் சொல்லி வந்தார்கள். அது பொய். அவள் புருஷன் வேம்புலி குடித்து நான் பார்த்ததே இல்லை. தீபாவளிக்குக்கூடத் தொடாத ஆள். சைக்கிள் கடையில் வேலை முடிந்ததும் கையில் கிரீஸ் நாற்றத்தோடு நேராக வீட்டுக்கு வருவான். வரும்போது பிள்ளைக்கு ஒரு பொட்டலம் காராபூந்தி. அவனுக்கு இருந்த ஒரே செலவு அதுதான்.

அந்தப் பொய்யை ஊர் கட்டவில்லை. சரசாவே கட்டினாள். தன் பிள்ளை சரவணனிடம் சொன்னாள், பிள்ளை பள்ளிக்கூடத்தில் சொன்னான், அப்படியே ஊர் பிடித்துக்கொண்டது. ஏன் சொன்னாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரும் ஒற்றைச் செங்கல் சுவர்.

கல்யாணமாகி, பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகு சரசா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு அச்சகத்துக்கு வேலைக்குப் போனாள். மாதம் ஒரு கதை என்று சின்னச் சின்னப் புத்தகங்கள் வருமே, கொலைக்கதை, பேய்க்கதை, ரயிலில் படித்துவிட்டு சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்குகிற கதை, அதெல்லாம் அங்கே அச்சாகும். இவளுக்கு பைண்டிங்கில் வேலை. தாளை மடிக்க வேண்டும், அடுக்க வேண்டும், முதுகில் பசை தடவி மேலே அட்டையை ஒட்ட வேண்டும். என்னைப் போலவே அவளுக்கும் எழுத்து தெரியாது. அந்த வேலைக்கு எழுத்து வேண்டியதில்லை. மடித்த தாள் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கறுப்புக் கோடு இருக்குமாம். அடுக்கினால் கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்கி வர வேண்டும். ஒரு படி தவறினால் கதை தவறிப்போச்சு என்று அர்த்தம். "எங்கதையில படி தப்பவே தப்பாதுக்கா" என்று பெருமையாகச் சொல்லுவாள்.

அட்டைப்படம் போடுகிறவர் ஜெபா என்று ஒரு ஓவியர். கலர் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க மத்தியானத்தில் வருவார். ஒருநாள் இவள் பசைத்தட்டோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, அந்த பிரஷ்ஷை துப்பாக்கி பிடிக்கிற மாதிரி பிடியேன். கை மட்டும் வேணும்" என்றார். இவள் பிடித்தாள். மறுநாள் தோளைத் திருப்பச் சொன்னார். அதற்கு அடுத்த நாள், பயந்து திரும்பிப் பார்க்கிற மாதிரி நிற்கச் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் கால் மணி, அரை மணி. ஒரு டீ, ஒரு பன். இப்படிப் பதினைந்து நாள் போயிருக்கும். கழுத்துவரை மூடிய நூல் புடவையோடுதான் நின்றாள், அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன்.

என்னிடம் வந்து சிரித்தாள். "எங்கையப் பாத்து படம் போட்டுகினு கீறாருக்கா. எங்கையில இன்னா கீது? பசைதான் கீது."

"வேம்புலி கிட்ட சொன்னியாடி?"

"கைதானேக்கா. இதப் போயி இன்னான்னு சொல்றது?"

இரண்டு மாதம் கழித்து, ஜூன் மாதம், வெட்டும் மிஷினிலிருந்து அட்டைக் கட்டு ஒன்று வந்து அவள் மேஜையில் இறங்கியது. பிரித்தால் அவள் முகம். கையில் துப்பாக்கி. உடம்பில் ஓர் ஆம்பளைச் சட்டை, அதுவும் மழையில் நனைந்து ஒட்டிக்கொண்ட சட்டை. கீழே தொடை தெரிய நிற்கிறாள். உடம்பு அவளுடையதில்லை, அந்த ஆள் எங்கேயோ பார்த்துப் போட்டது. ஆனால் முகம் அவளேதான். சின்ன வயதில் அடிபம்பின் கைப்பிடி மோதி இடது புருவம் நடுவில் பிளந்து போயிருக்கும். அந்தப் பிளவைக்கூட விடாமல் போட்டிருந்தார் அந்த மனுஷன்.

அன்றைக்கு அவள் தன் முகத்துக்குத் தானே பசை தடவி எண்ணூறு புத்தகம் ஒட்டினாள். ஒட்டமாட்டேன் என்றால் மேஜையில் இருக்கிற மற்ற ஆறு பேரும் ஏன் என்று கேட்பார்கள் என்று பயம். ஆறு பேரும் பார்த்தவுடனேயே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அந்த வாரத்தோடு வேலையை விட்டுவிட்டாள்.

எங்கள் பக்கம் அந்தப் புத்தகங்கள் வீட்டில் இருக்காது, சலூனில் இருக்கும். காத்திருக்கிறவர்கள் புரட்ட பெஞ்சியில் கிடக்கும். வேம்புலி முடி வெட்டப் போன இடத்தில் ஒருத்தன் எடுத்து நீட்டியிருக்கிறான். "மாமே, இது இன்னா உன் ஊட்டுக்காரி மாதிரியே கீது? சைடுல சினிமா கினிமா அனுப்பறியா?" பாதித் தலை வெட்டின நிலையில் எழுந்து வந்துவிட்டான் வேம்புலி. பாதித் தலையோடு வாசலில் நின்றதை நானே பார்த்தேன். கையில் அந்தப் புத்தகம்.

"இது நீதானே?"

"நான் இல்ல."

"புருவத்தப் பாரு."

"உலகத்துல எனக்கு மட்டுந்தான் புருவம் கிழிஞ்சுதா? நான் இல்லன்னா இல்ல."

அன்றைக்கு அவன் விட்டுவிட்டான். ஜூலையில் அடுத்த அட்டை வந்தது. இந்தத் தடவை நீலக் கலரில் ஏதோ நீச்சல் உடை, அதே முகம், அதே பிளவு. சுவருக்கு இந்தப் பக்கம் நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். அவன் கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினான். எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"சரசா, நின்னேன்னு ஒரே ஒரு தபா சொல்லிடு. நான் போயி அந்தாளு கைய ஒடச்சிட்டு வந்து, நீ போடற சோத்தத் துன்னுட்டு படுத்துக்கறேன். இல்லன்னு மட்டும் சொல்லாத. உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

"நான் இல்ல."

 காலையில் சைக்கிளும் இல்லை, அவனும் இல்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கடையில் வேலை செய்வதாக ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. வேறு ஒருத்தியோடும் போகவில்லை. தனியாகத்தான் கிடந்தான்.

நான் அன்றைக்கே சொன்னேன். "போயி காலைப் புடிடி. நின்னேன்னு சொல்லுடி. துணியோடதானே நின்னே?" அவள் என்னை முறைத்தாள். "ஒருவாட்டி இல்லன்னு சொல்லிட்டேன்க்கா. இனிமே ஆமான்னா, அப்ப அந்த ஒடம்பும் என்னுதுன்னுதானே நம்புவாரு?"  

சரவணனுக்கு அப்போது மூன்று வயது. என் ஆப்பக் கடைக்கு மாவு ஆட்டிக் கொடுத்துத்தான் அவனை வளர்த்தாள். ஆறு வயதில் கேட்டான், அப்பா எங்கே என்று. "உங்கப்பன் குடிகாரன், குடிச்சிட்டு ஓடிட்டான்" என்றாள். பிள்ளை அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டான். அன்றைக்கு ஆரம்பித்தது அவளுடைய சேகரிப்பு. அந்தப் புத்தகம் ஒன்று பிள்ளை கண்ணில் பட்டால், யாராவது ஒருத்தன் சலூனில் உட்கார்ந்து கதையைச் சொல்லிவிட்டால், தான் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். அதற்காக ஊரில் இருக்கிற அத்தனையையும் வாங்கி அழித்துவிடுவது என்று கிளம்பினாள். சிரிக்காதீர்கள். ஆயிரக்கணக்கில் அச்சாகிற புத்தகம் அது. அவளுக்குத் தெரியாதா? தன் கையால் ஒட்டினவள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொள்வாள். அம்பத்தூர் ஓ.டி., திருமுல்லைவாயல், ஆவடி மார்க்கெட், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு, எங்கே பழைய பேப்பர் கடை இருக்கிறதோ அங்கே போய்க் குந்திக்கொள்வாள். தலைப்பு படிக்கத் தெரியாது. ஒவ்வொரு புத்தகமாக எடுத்து முகத்தைப் பார்ப்பாள். அந்த ஜெபா பதினைந்து நாளில் வரைந்து வைத்துக்கொண்டதை வருஷக்கணக்கில் பயன்படுத்தியிருக்கிறார். ஒன்றில் கொண்டை, ஒன்றில் கிராப்பு, ஒன்றில் வெள்ளைக்காரி மாதிரி செம்பட்டை முடி. மொத்தம் பதினோரு தினுசு. எல்லாவற்றிலும் இடது புருவம் பிளந்திருக்கும்.

முதலில் வாங்கினதையெல்லாம் வெந்நீர் அடுப்பில் வைத்தாள். இரண்டு வருஷம் அந்த வீட்டில் அதிலேதான் வெந்நீர். ஒருநாள் அட்டையை மட்டும் பிளேடால் எடுத்துத் தனியே வைத்துவிட்டு, புத்தகத்தைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னாடி, எரிக்கலையா?"

"கை வரலக்கா. இவ ஒருத்திதான் நான் சிறுசா இருந்தப்ப எப்படி இருந்தேன்னு தெரிஞ்சவ."

அதற்குப் பிறகு புடவை அட்டைப்பெட்டி ஒன்றில் அடுக்க ஆரம்பித்தாள். பூச்சி அரிக்காமல் வேப்பிலை. மூலை மடங்கினதை இரும்புப் பெட்டிக்கு அடியில் வைத்து நிமிர்த்துவாள். பசைக் கறையை ஈரத்துணியால் தொட்டுத் தொட்டு எடுப்பாள். பைண்டிங் கை இல்லையா. தேடுகிற காரணம் பயம்தான், ஆனால் நல்ல அட்டை ஒன்று கிடைத்த அன்றைக்கு அவள் முகம் பளிச்சென்று இருக்கும். இந்த இரண்டும் ஒரே பொம்பளைக்குள் இருக்க முடியுமா என்று கேட்டால், இருந்தது.

ஓ.டி. பேப்பர் கடை அண்ணாச்சி நாசரேத்துக்காரர். இவளுக்கென்றே எடுத்து வைப்பார். "ஏ சரசா, ஒம் புருவக்காரி வந்துருக்கா பாத்துக்கோ" என்பார். அவருக்கு அது இவள் என்று தெரியுமோ தெரியாதோ, ஒருநாளும் கேட்டதில்லை.

சரவணன் வளர்ந்தான். திருமழிசையில் ஒரு கம்பெனியில் வெல்டர் ஆனான், கல்யாணம் ஆனது, நிஷா பிறந்தாள். குடிக்கிறவனைக் கண்டால் அவனுக்கு ஆகாது. அப்பன் பெயரை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுவான். எட்டு வருஷத்துக்கு முன்னால் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஓர் ஆள் வந்தார். வேம்புலி போய்விட்டான், கொள்ளி வைக்கப் பிள்ளை வர வேண்டும் என்று.

"குடிச்சிட்டு எங்கள வுட்டுட்டுப் போனவனுக்கு நான் கொள்ளி வெக்கணுமா? வேற ஆளப் பாரு நைனா" என்றான் சரவணன்.

வந்த ஆள் குழம்பிப்போய், "குடியா? அவரு டீ கூட..." என்று ஆரம்பித்தார். சரசா குறுக்கே விழுந்து, "அவன்தான் வரமாட்டேன்னு சொல்றானே, போங்க" என்றாள். நான் வாசலில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தை என் கணக்கில்தான் வைக்க வேண்டும், வேறு யார் கணக்கிலும் இல்லை.

போன வருஷம் பார்த்தசாரதி வந்தார். கும்பகோணத்துப் பக்கத்து ஆள், கம்ப்யூட்டர் வேலை, கோவில்பதாகையில் அடுக்குமாடியில் வீடு. பழைய மாத நாவல் அட்டைகளைச் சேர்க்கிறவர். அவர் கூடத்துச் சுவரில் சாமி படம் கிடையாதாம், கண்ணாடி போட்டு மாட்டிய அட்டைகள்தானாம். என் கடையில் ஆப்பம் சாப்பிட்டுக்கொண்டே போனை நீட்டினார்.

"பாட்டி, இந்தத் தெருவுல யாரோ ஒரு அம்மா இந்த அட்டையை மட்டும் வாங்கறாங்களாமே, பேப்பர் கடைக்காரர் சொன்னார். ஜெபா வரைஞ்சதுல மத்ததெல்லாம் என்கிட்ட இருக்கு. இந்தப் பொண்ணு வர்றது மட்டும் எங்கயுமே கிடைக்கல. அதனாலயே எல்லாரும் இதைத்தான் தேடறாங்க. ஒண்ணே ஒண்ணு இன்டர்நெட்ல பார்த்தேன். எவ்வளவு அழகு பாருங்க."

பார்த்தேன். நீலக் கலர். அதே பிளந்த புருவம். பார்த்தால் புரியவில்லையா உங்களுக்கு? இவள் ஒளித்து ஒளித்துத்தான் அது அரிதாகப் போயிருக்கிறது. அரிதாகப் போனதால்தான் ஓர் ஆள் தெருத்தெருவாக அதைத் தேடிக்கொண்டு வந்து நிற்கிறான். எரிக்காமலும் வாங்காமலும் விட்டிருந்தால் மற்றதோடு மற்றதாக மக்கிப் போயிருக்கும்.

அப்போதாவது நான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாற்பது வருஷத்தில் அந்தப் படத்தை அழகு என்று சொன்ன முதல் மனுஷன். ஒருவாட்டியாவது சரசா அதைக் காதால் கேட்கட்டும் என்று நினைத்தேன். அது தப்பு என்பது சரசாவின் எண்ணம். நான் இன்றைக்கும் அப்படி நினைக்கவில்லை. நடந்ததுதான் தப்பாக நடந்தது.

மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவரைக் கூட்டிப் போனேன். சரசா போனைப் பார்த்தாள். "நான் இல்ல" என்றாள். அவர் அவள் புருவத்தைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"உங்களைத் தொந்தரவு பண்ண வரலம்மா. ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்."

அவள் வாசல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்தாள். அவர் கைக்குட்டையால் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு, ஓரத்தில் மட்டும் பிடித்து ஒவ்வொன்றாக எடுத்தார். "அடிச்சு நாப்பது வருஷமாச்சு, கலர் அப்படியே இருக்கே. யாரும்மா இப்படிப் பாதுகாத்தது?" சரசா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு தானே கையில் எடுத்து, இது எந்தக் கடையில் கிடைத்தது, இதற்கு எதைத் துப்பாக்கியாகப் பிடித்தேன் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். டீ போட்டுக் கொடுத்தாள். போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"எடுத்துக்கோங்க. எம்பேரு, ஊரு, மூஞ்சி எதுவும் வரக்கூடாது. எம்புள்ளைக்குத் தெரியக்கூடாது."

"சத்தியமா வராதும்மா."

அவர் சொன்ன சொல் தவறவில்லை. பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை, முகம் போடவில்லை. இன்டர்நெட்டில் படத்தை மட்டும்தான் போட்டார். அட்டையைப் பிடித்திருந்த கையும் அதில் சேர்ந்து விழுந்துவிட்டது. சரசாவின் மணிக்கட்டில் தேள் பச்சை குத்தியிருக்கும். அந்தக் கையோடு படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, நாலாவது நாள் காலேஜ் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நிஷாவின் போனுக்கு வந்து சேர்ந்தது.

சாயங்காலம் அவள் குதித்துக்கொண்டு வந்தாள். "ஆயா! இது உன் கை தானே? இது நம்ம ஊட்டுத் தரை தானே? அப்ப இந்தப் பொண்ணு நீயா? செம்மையா கீற ஆயா! எங்கிட்ட ஏன் சொல்லல?" மருமகளும் வந்து பார்த்துவிட்டு, "அத்தே, நீங்களா இது? எங்கம்மா கிட்ட காட்டணுமே" என்று சிரித்தாள். வெட்கமில்லை, கோபமில்லை, ஒன்றுமில்லை. எதை மறைக்க ஒரு பொம்பளை புருஷனைத் தொலைத்தாளோ, அதைப் பார்த்து இரண்டு பேர் கைதட்டிச் சிரிக்கிறார்கள். சரசா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன்.

சரவணன் வேலை முடிந்து வந்தான். நிஷா போனை அவன் கையில் கொடுத்தாள். அவன் சிரிக்கவில்லை. விரலால் பெரிசாக்கிப் பார்த்தான். அட்டையின் ஓரத்தில் மாதமும் வருஷமும் அச்சடித்திருந்தது, அவனுக்குப் படிக்கத் தெரியும்.

"எண்பத்தி மூணு ஜூலை" என்றான். "எம்மா. அப்பா இதப் பாத்தாரா?"

சரசா முந்தானையை இழுத்து மணிக்கட்டை மூடினாள்.

"அவரு போனது எண்பத்தி மூணுலதானே? சொல்லும்மா. பாத்தாரா?"

"பாத்தாரு."

"அப்ப குடி?"

இந்தத் தடவையும் அவள் இல்லை என்றுதான் சொன்னாள். அந்த ஒரு சொல்லை உண்மையாகச் சொல்ல நாற்பது வருஷம் ஆனது. "குடிக்கமாட்டாருடா. நான்தான் சொன்னேன்."

அவன் என் பக்கம் திரும்பினான். "பெரீம்மா, உனக்கும் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"கொள்ளி வெக்கக் கூப்பிட வந்தாங்களே, அன்னிக்கும் நீங்க ரெண்டு பேரும் இங்கதானே நின்னுகினு இருந்தீங்க?"

அவன் கத்துவான், சட்டியைத் தூக்கி எறிவான் என்று எதிர்பார்த்தேன். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டான்.

ஆடி அமாவாசை வந்தது. அப்பாவுக்குப் படைக்க வேண்டும் என்றான், முதல் தடவையாக. சரசா விடியலிலேயே குளித்துவிட்டு அரிசி களைந்தாள், வாழைக்காய் நறுக்கினாள். அவன் வந்து பார்த்துவிட்டு, "உன் கையால வேணாம்மா" என்றான். ஓட்டலிலிருந்து வாங்கி வந்து இலையில் வைத்தான். பிறகு, "அவரு போட்டோ ஒண்ணாவது கீதா?" என்று கேட்டான்.

இல்லை. கல்யாணப் போட்டோ ஒன்று இருந்தது. முதல் பை புத்தகத்தை எரித்த அன்றைக்கே அதையும் அடுப்பில் வைத்துவிட்டாளாம், பிள்ளை பார்த்து ஏதாவது கேட்பான் என்று. இது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். தன்னுடையதில் பதினோரு தினுசைப் பெட்டியில் வைத்திருந்தவள் வீட்டில் அவனுடையது ஒன்றுகூட இல்லை. சரவணன் வெறும் சுவரைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றினான். அப்பன் முகம் அவனுக்கு ஞாபகமே இல்லை.

அதற்குப் பிறகு பார்த்தசாரதி மன்னிப்புக் கேட்க வந்தார். வரும்போது நீலக் கலர் அட்டையைப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தார். நிஷா ஆசையாக வாங்கிக் கூடத்தில் மாட்டினாள். சரசா கெஞ்சினாள். "அதக் கழட்டுடா சரவணா. உனக்குப் புண்ணியமாப் போவும்."

"இருக்கட்டும்மா" என்றான் சரவணன். "எல்லாரும் பாக்கட்டும்."

அதோடு சரி, அவளோடு அவன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. நேரத்துக்குச் சோறு, மாத்திரை, எல்லாம் நடக்கிறது. ஒரு குறை சொல்ல முடியாது. சரசா என்னோடும் பேசுவதில்லை. கடைக்கு மாவு மட்டும் ஆட்டி, வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். கூடத்தில் உட்காருவதையும் விட்டுவிட்டாள். சமையலறையில் கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். வேலைக்குப் போகும்போது சரவணன் அந்தப் படத்துக்குக் கீழே நின்றுதான் ஷூ மாட்டுகிறான். மாட்டி முடித்துவிட்டு, போய்வருகிறேன் என்று நிஷாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறான்.